நீலப் புள்ளி சொல்வது என்ன? காப்பகப் பூனைகளும் எஃப்ஐவி பரிசோதனையும்

காது நுனி கிழிந்து, இரண்டு கன்னமும் உப்பிய ஒரு கடுவன் பூனை காப்பகத்துக்கு வந்து சேர்கிறது. கழுத்தில் பட்டை இல்லை, தோலுக்கடியில் மைக்ரோசிப் இல்லை, எங்கே வளர்ந்தது என்று சொல்ல ஆளும் இல்லை. முன்னங்காலில் ஆறிப்போன கடித்தழும்புகள் மட்டும் இருக்கின்றன. மருத்துவர் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார். ஒரு சின்னக் குழாயில் 3 சொட்டு ரத்தம், அதோடு பரிசோதனைக் கிட்டில் வரும் கரைசலில் 4 சொட்டு. குழாயை நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் கருவியின் குழியில் ஊற்றுகிறார். ஈரம் மெல்ல ஊர்ந்து மறுமுனையில் உள்ள வட்டத்தைத் தொடுகிறது. உடனே மேல்பகுதியை அழுத்த, 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதைக் காட்ட ஒரு நீலப் புள்ளி எப்படியும் வரும். அதோடு இன்னொரு புள்ளியும் குறிப்பிட்ட இடத்தில் தெரிந்தால் அந்தப் பூனையின் அட்டையில் 'எஃப்ஐவி பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். எஃப்ஐவி என்பது பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்லக் குறைக்கும் ஒரு வைரஸ். பல காப்பகங்களில் பல ஆண்டுகளாக அந்த இரண்டு சொற்களே ஒரு பூனையைக் கருணைக்கொலை செய்யப் போதுமான காரணமாக இருந்தன. நன்றாகச் சாப்பிட்டு, மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும் பூனையாக இருந்தாலும் சரி, முடிவு ஒன்றுதான். இன்றைக்கும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. ஆகவே அந்தப் புள்ளி எதைக் கண்டுபிடிக்கிறது, எங்கே தவறிப்போகிறது, இந்த நோய்க்கென்று வந்த தடுப்பூசி ஏன் காப்பகங்களுக்குப் புதுத் தலைவலியானது என்பதையெல்லாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டலூமாவில் பிடிபட்ட வைரஸ்

இந்த வைரஸ் முதலில் சிக்கியதே ஏராளமான பூனைகள் சேர்ந்து வாழ்ந்த ஓர் இடத்தில்தான். 1986-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் பெட்டலூமாவில், ஒரு பூனைக் கூடத்தின் குறிப்பிட்ட அடைப்பில் மட்டும் பூனைகள் நோயுற்று இறந்துகொண்டிருந்தன. மற்ற அடைப்புகளில் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் இப்படி நடந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பூனை ரத்தப்புற்று வைரஸைத்தான். கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் 1964-ல் அடையாளம் காட்டிய வைரஸ் அது. ஆனால் இந்தக் கூடத்துப் பூனைகள் எதற்குமே அந்த வைரஸ் இல்லை.

டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் சகாக்களோடு சேர்ந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 1987-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உடம்பு சரியில்லாத 25 பூனைகளில் 10-க்கு அந்த வைரஸின் தடயம் ரத்தத்தில் இருந்தது. ஆரோக்கியமாக இருந்த 18-ல் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. மனிதர்களுக்குப் பரவியதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள்.

எச்ஐவி பற்றிய அச்சம் உலகம் முழுக்கப் பரவியிருந்த நேரம் அது. புது வைரஸும் எச்ஐவி சேர்ந்த அதே லென்டிவைரஸ் குடும்பம். 'பூனை எய்ட்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு பெயர் பூனைகளுக்குச் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல என்பது என் எண்ணம். எஃப்ஐவி மனிதர்களைத் தொற்றுவதில்லை. கடித்தாலும் கீறினாலும், ஒரே மெத்தையில் படுத்தாலும் தொற்றாது. நாய்க்கும் தொற்றாது. சிங்கங்களுக்கும் பூமாக்களுக்கும் இதே வகையைச் சேர்ந்த, ஆனால் அவற்றுக்கென்றே உரிய வைரஸ்கள் இருக்கின்றன. அவ்வளவுதான்.

பூனைக்குப் பூனை இது பரவுவது பெரும்பாலும் ஆழமான கடியால். எச்சிலில் உள்ள வைரஸைப் பல் நேராகத் தசைக்குள் கொண்டு போய் வைக்கிறது. அதனால்தான் கருத்தடை செய்யாத, வெளியே திரிந்து எல்லைக்காகச் சண்டை போடும் கடுவன்களிடம் இது அதிகம். உடலுக்கு வெளியே இந்த வைரஸால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. சாதாரண சோப்புத் தண்ணீரே அதை அழித்துவிடும். ஒரே தட்டில் தின்பது, ஒன்றையொன்று நக்கிக்கொள்வது, ஒரே மணல்தட்டைப் பயன்படுத்துவது இவற்றால் பரவுவது மிக அரிது. தாயிடமிருந்து குட்டிக்குப் போவதும் இயற்கைச் சூழலில் அரிதுதான்.

தொற்றிய சில வாரங்களில் லேசான காய்ச்சலும் நிணநீர்க் கட்டிகளின் வீக்கமும் வரலாம். பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. நோய் எதிர்ப்பை நடத்தும் சிடி4 செல்கள் மெல்லக் குறைந்துகொண்டே போகும். சில பூனைகளுக்கு இறுதியில் ஈறு வீக்கம், வாய்ப்புண், ஆறாத தொற்றுகள், நிணநீர்ப் புற்று ஆகியவை வரும். பல பூனைகளுக்கு அந்தக் கட்டமே வராது. முதுமையில் சிறுநீரகம் பழுதடைந்தோ வேறு ஏதோ காரணத்தாலோதான் அவை இறக்கின்றன, எஃப்ஐவி இல்லாத பூனைகளைப் போலவே.

புள்ளி எதைப் பார்க்கிறது

இனி அந்தக் கிட்டுக்கு வருவோம். காப்பகங்களில் பொதுவாகப் பயன்படுத்துவது ஒரே கருவியில் எஃப்ஐவி, ரத்தப்புற்று வைரஸ் இரண்டையும் பார்க்கும் கிட். ரத்தப்புற்று வைரஸைப் பொறுத்தவரை அது வைரஸின் சொந்தப் புரதத்தையே தேடுகிறது. எஃப்ஐவிக்கு அப்படித் தேடுவதில்லை. ரத்தத்தில் எஃப்ஐவியின் அளவு பெரும்பாலும் மிகக் குறைவாக இருப்பதால் வைரஸை நேரடியாகப் பிடிப்பது கஷ்டம். அதனால் வைரஸுக்கு எதிராகப் பூனையின் உடல் தயாரித்த ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பொருட்களைத் தேடுகிறார்கள். எஃப்ஐவி ஒருமுறை நுழைந்தால் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க இருக்கும்; ஆகவே எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸும் இருக்கிறது என்று கொள்ளலாம் என்பது இதன் தர்க்கம்.

தர்க்கம் நல்லதுதான். ஆனால் எதிர்ப்பொருள் வேறு வழியிலும் ரத்தத்துக்குள் வரலாம். அதில் முதலாவது, தாய்ப்பால்.

எட்டு வாரக் குட்டி ஒன்றுக்குப் பாசிட்டிவ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது தாயின் எதிர்ப்பொருள். சீம்பாலில் இறங்கி, குட்டியின் ரத்தத்தில் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருக்கிறது. குட்டிக்குத் தொற்று இருக்காது. சில மாதங்களில் அந்த எதிர்ப்பொருள் தானாகக் கரைந்துவிடும். அதனால் பாசிட்டிவ் வந்த குட்டியை 6 மாதம் தாண்டிய பிறகு மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். அப்போது நிறையக் குட்டிகள் நெகட்டிவ் ஆகிவிடும். இந்த விவரம் தெரியாமல், அல்லது தெரிந்தும் ஆறு மாதம் வைத்துப் பார்க்க இடமில்லாமல், எத்தனை குட்டிகளின் கதை முதல் புள்ளியோடு முடிந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அதுவும் நோயே இல்லாத குட்டிகள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு இடைவெளி உண்டு. கடிபட்ட மறுநாளே எதிர்ப்பொருள் வந்துவிடாது. பெரும்பாலான பூனைகளுக்கு 60 நாளுக்குள் வரும், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகும். அண்மையில் சண்டையில் கடிபட்டு, சீழ்க்கட்டியோடு வந்த பூனைக்கு இன்று நெகட்டிவ் வந்தால் அது இன்றைய நிலவரம்கூட இல்லை, இரண்டு மாதத்துக்கு முந்தைய நிலவரம். 60 நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் அந்தக் கடி என்ன செய்தது என்று தெரியும்.

அடுத்தது எண்ணிக்கையின் விளையாட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காப்பகங்களில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வட அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 18,038 பூனைகளைச் சோதித்தபோது 2.5 சதவீதத்துக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் வந்தது. 2017-ல் வெளியான இன்னொன்றில் 62,301 பூனைகள், 3.6 சதவீதம். ஆக, சாதாரணமாக வரும் பூனைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலுக்குத்தான் இது இருக்கும் போலிருக்கிறது.

இப்போது 1,000 பூனைகள் உள்ளே வருகின்றன, அவற்றில் 25-க்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட் அந்த 25-ஐயும் பிடித்துவிடுகிறது. தொற்று இல்லாத பூனையை 'இல்லை' என்று சொல்வதில் அது 98 சதவீதம் சரியாக இருக்கிறது என்றும் கொள்வோம். கேட்க நல்ல கிட்தான். ஆனால் மீதி 975 பூனைகளில் 2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 20 பூனை. மொத்தம் 45 பூனைகளுக்கு அந்த இரண்டாவது புள்ளி வரும். அதில் 20 பூனைகளுக்கு நோய் கிடையாது. பத்தில் நாலுக்கு மேல் தப்பு! நல்ல கிட்களின் துல்லியம் இதைவிடக் கூடுதல், அதனால் நிஜத்தில் தப்பு குறையும். ஆனால் பூனைகளில் நோய் அரிதாக இருக்கும்வரை அது பூஜ்யமாகிவிடாது.

அதே கிட்டைச் சண்டைக்காரக் கடுவன்களிடம் மட்டும் போட்டால் படம் மாறும். 1,000-ல் 200-க்குத் தொற்று என்று வைத்தால் தப்பான புள்ளி 16 தான். 216-ல் 16. அப்போது புள்ளியை நம்பலாம். ஆக, வீட்டிலேயே வளர்ந்து உரிமையாளர் வீடு மாறியதால் ஒப்படைக்கப்பட்ட மூன்று வயதுப் பெட்டைப் பூனைக்கு வரும் பாசிட்டிவும், முகமெல்லாம் தழும்போடு வந்த கடுவனுக்கு வரும் பாசிட்டிவும் ஒன்றல்ல. முதலாவதை இன்னொரு கம்பெனியின் கிட்டாலோ ஆய்வகத்தில் வேறு முறையாலோ உறுதி செய்யாமல் விடவே கூடாது.

பிசிஆர் செய்து தீர்த்துவிடலாமே என்று தோன்றும். அது வைரஸின் மரபணுவையே தேடுகிறது. ஆனால் எஃப்ஐவிக்கு ஏ, பி, சி, டி, இ என்று பல துணை வகைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஏகப்பட்ட மாறுதல்கள். ஒரு வகைக்குத் தயாரான பிசிஆர் இன்னொன்றைக் கோட்டை விடலாம். 2005-ல் மூன்று ஆய்வகங்களின் பிசிஆரை ஒப்பிட்டபோது, தொற்றுள்ள பூனைகளைக் கண்டுபிடிக்கும் திறன் 41 சதவீதத்திலிருந்து 93 சதவீதம் வரை ஊசலாடியது. அதற்குப் பின் முறைகள் தேறியிருக்கின்றன. ஆனாலும் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் முழுசாக நம்ப முடியாது என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான நிலை.

வந்து குழப்பிய தடுப்பூசி

தொற்று இல்லாமலே எதிர்ப்பொருள் ரத்தத்துக்குள் வரும் இரண்டாவது வழி, தடுப்பூசி.

எஃப்ஐவிக்கு எதிரான தடுப்பூசிக்காக நீண்ட காலம் உழைத்தவர், அந்த வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேனட் யமமோட்டோ. பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அவர் தொடர்ந்த ஆய்விலிருந்து வந்த தடுப்பூசிக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃபெல்-ஓ-வாக்ஸ் எஃப்ஐவி என்பது அதன் பெயர், ஃபோர்ட் டாட்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. பெட்டலூமாவில் கிடைத்த ஏ வகை, ஜப்பானின் ஷிஸுவோகாவில் கிடைத்த டி வகை இரண்டையும் செயலிழக்கச் செய்து, முழு வைரஸாகவே ஊசியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானுக்கும் போனது. எச்ஐவிக்கு இன்றுவரை ஒரு தடுப்பூசி இல்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது சாதாரணச் சாதனை இல்லை.

ஆனால் களத்தில் அது தந்த பாதுகாப்பு அரைகுறையாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவில் வீட்டுப் பூனைகளை வைத்துச் செய்த, 2016-ல் வெளியான ஆய்வில் பாதுகாப்பு 56 சதவீதம். அதற்கு முன்பே பிரிட்டனில் கிடைத்த ஒரு ஏ வகை வைரஸைக் கொண்டு ஆய்வகத்தில் சோதித்தபோது, ஊசி போட்ட பூனைகளுக்கும் தொற்றிவிட்டது. ஊசிக்குள் இருப்பதும் ஏ வகைதான், இருந்தும் காக்க முடியவில்லை. வைரஸ் தன் மேலுறையை அவ்வளவு வேகமாக மாற்றிக்கொள்கிறது.

பாதுகாப்பு பாதி என்றாலும் பரவாயில்லை, சண்டைக்காரப் பூனைக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்று நினைக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முழு வைரஸைக் கொண்டு செய்த ஊசி என்பதால், உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் நிஜத் தொற்றில் வருவதைப் போலவே இருந்தது. அன்றைக்குப் புழக்கத்திலிருந்த கிட்களால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊசி போட்ட பூனை பல ஆண்டுகளுக்குப் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருந்தது. ஊசி போட்ட தாயின் பாலைக் குடித்த குட்டிக்கும் பாசிட்டிவ்.

ஒருவர் தன் பூனை மேல் உள்ள அக்கறையில், வெளியே போகிறதே என்று மூன்று ஊசியும் போட்டுவிடுகிறார். ஒருநாள் அது வழி தவறிப்போகிறது. யாரோ எடுத்துக் காப்பகத்தில் விடுகிறார்கள். கிட் போடுகிறார்கள், நீலப் புள்ளி. அந்தக் காப்பகம் பாசிட்டிவ் பூனைகளை வைத்துக்கொள்ளாத காப்பகம். உரிமையாளர் தேடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காப்பதற்காகப் போட்ட ஊசியே அதற்கு எமனாகிறது. இந்த ஆபத்து இருந்ததால்தான், இந்த ஊசி போடுவதாக இருந்தால் முதலில் கிட் போட்டுப் பாருங்கள், கட்டாயம் மைக்ரோசிப் வையுங்கள், ஊசி விவரத்தைப் பதிவு செய்யுங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் காப்பகத்துக்கு வரும் பூனை பெரும்பாலும் சிப்பும் இல்லாமல், கதையும் தெரியாமல் வருகிற பூனை.

2015-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தடுப்பூசி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு பயனுள்ள செய்தியைச் சொன்னார்கள். எல்லாக் கிட்டும் ஒரே எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. வைரஸின் உள்பகுதிப் புரதங்களுக்கு எதிரான பொருளைத் தேடும் கிட் ஊசி போட்ட பூனைகளையும் பாசிட்டிவ் என்கிறது. மேலுறையில் உள்ள ஜிபி40 என்ற புரதத்துக்கு எதிரானதைத் தேடும் கிட்களோ, ஊசி போட்டுக் கொஞ்ச காலம் ஆன பூனைகளைப் பெரும்பாலும் சரியாக நெகட்டிவ் என்றே காட்டின. விட்னெஸ், ஆனிஜென் ராபிட் என்ற இரண்டு கிட்கள் அந்த வகை. ஊசி போட்ட புதிதில் சோதித்தால் மட்டும் இவையும் ஏமாறலாம். இந்தத் தடுப்பூசி புழங்கிய நாடுகளில் வயதான பூனை ஒன்று பாசிட்டிவ் என்று வந்தால், எந்தக் கிட்டால் பார்த்தார்கள் என்று கேட்பது இன்றும் முக்கியம்.

காப்பகத்தில் யாரைச் சோதிப்பது, அப்புறம் என்ன செய்வது

உள்ளே வரும் ஒவ்வொரு பூனைக்கும் கிட் போட வேண்டுமா? கட்டாயம் இல்லை என்பதுதான் இன்று காப்பக மருத்துவர்கள் பலரின் கருத்து. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பூனையின் தொற்று நிலை தெரிந்திருப்பது நல்லது என்று சொன்னாலும், காப்பகங்களின் கை இறுக்கத்தைப் புரிந்துகொண்டே பேசுகிறது. தனித்தனிக் கூண்டில் இருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போகும் பூனைகளை, தத்தெடுப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரே தன் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளும்படி விடலாம். பல பூனைகள் ஒரே அறையில் கலந்து இருக்கப்போகின்றன என்றால் முன்பே சோதித்துவிட வேண்டும். அதற்கு முக்கியக் காரணம் எஃப்ஐவியைவிட ரத்தப்புற்று வைரஸ்தான். அது எச்சில் வழியாக, சாதாரண நெருக்கத்திலேயே பரவும். அதன் விளைவும் கடுமை. ஒரே கிட் இரண்டையும் காட்டுவதால் இரண்டு நோயும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை.

செலவை மிச்சம் பிடிக்க ஒரு ஈற்றுக் குட்டிகளில் ஒன்றை மட்டும் சோதித்து மற்றவற்றுக்கும் அதையே எழுதுவது, பல பூனைகளின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து ஒரே கிட்டில் ஊற்றுவது, இதெல்லாம் கூடாது. எழுதப்படுவது ஒவ்வொரு பூனையின் அட்டையிலும் தனித்தனியாகத்தானே.

தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டங்களில் வழக்கமாகச் சோதிப்பதில்லை. அந்தக் காசில் இன்னும் சில பூனைகளுக்குக் கருத்தடை செய்தால், எஃப்ஐவி பரவுவது அதைவிட நன்றாகக் குறையும். கடுவனுக்கு விரை நீக்கினால் எல்லைச் சண்டை குறைகிறது, சண்டை குறைந்தால் கடி குறைகிறது, கடி குறைந்தால் வைரஸுக்குப் போக வழியில்லை. எந்தத் தடுப்பூசியும் எட்டாத பலனை இந்தச் சின்ன அறுவை சிகிச்சை தருகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

தடுப்பூசி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பகத்துக்கு வரும் பூனைக்கு வந்த அன்றே போட வேண்டிய ஊசி வேறு: பேன்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. காப்பகச் சூழலில் குட்டிகளுக்கு 4 வார வயதிலிருந்தே தொடங்கி, 20 வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். ஒரு பேன்லூக்கோபீனியா தொற்று உள்ளே நுழைந்தால் சில நாளில் ஒரு அறை குட்டிகளையும் கொண்டுபோய்விடும். எஃப்ஐவியால் அப்படி எதுவும் நடக்காது. இரண்டில் எதற்குக் காப்பகம் அதிகம் பயப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஃப்ஐவி உள்ள பூனைக்கும் இந்த ஊசிகள் தேவை.

சரி, உறுதியாகவே பாசிட்டிவ் என்று தெரிந்த பூனையை எங்கே வைப்பது? 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. ஒரு காப்பகத்தில் தொற்றுள்ள 8 பூனைகளும் தொற்றில்லாத 130 பூனைகளும் கலந்தே வாழ்ந்தன. ஆண்டுக்கணக்கில் கவனித்தும் ஒரு பூனைக்குக்கூட புதிதாகத் தொற்றவில்லை. இன்னொரு காப்பகத்தில் தொற்றுள்ள 5 தாய்ப்பூனைகளுக்குப் பிறந்த 19 குட்டிகள், ஒன்றுக்கும் இல்லை. கருத்தடை செய்த, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பூனைகளுக்குள் ஆழமாகக் கடித்துக்கொள்வது அவ்வளவு அபூர்வம். அடித்துக்கொள்ளும் பூனைகளைச் சேர்த்து வைக்கக் கூடாது. அது எஃப்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

ஆனால் நெருக்கம் வேறு விதத்தில் கொல்லும். 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில் தொற்றுள்ள இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். சிகாகோவில் 17 பூனைகள், வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ என்று வளர்ந்தவை. மெம்பிஸில் 27, அறுபதுக்கும் மேற்பட்ட பூனைகள் அடைந்து கிடந்த ஒரே வீட்டில் இருந்தவை. 22 மாதத்தில் சிகாகோவில் இறந்தது ஒன்று. மெம்பிஸில் 17. ரத்தத்தில் ஓடியது ஒரே வைரஸ்தான். வாழ்ந்த வீடுதான் வேறு. பாசிட்டிவ் பூனைகளையெல்லாம் 'தனிப் பிரிவு' என்று ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் திணித்து வைக்கும் காப்பகங்கள், நல்ல மனசோடு செய்தாலும், இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். நெரிசல், மன அழுத்தம், ஒன்று தும்மினால் எல்லாம் தும்முவது, இவையே எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்கு விஷம். அப்படிப்பட்ட பூனைக்குத்தான் அவசரமாக ஒரு வீடு வேண்டும்.

தத்தெடுக்க வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி. குழந்தைகளுக்கு வருமா, வீட்டில் இருக்கும் மற்றப் பூனைக்கு வருமா. முதல் கேள்விக்குப் பதில் வராது என்பதுதான். இரண்டாவதுக்கு, இரண்டும் சண்டையில்லாமல் இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு, மெதுவாக அறிமுகப்படுத்துங்கள், ஒத்துப்போகாவிட்டால் பிரித்து வையுங்கள் என்று உள்ளதை உள்ளபடியே சொல்லலாம். பூனையை வெளியே விடக் கூடாது. பச்சை இறைச்சி வேண்டாம். பல்லையும் ஈறையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தொல்லை முதலில் தெரிவது பெரும்பாலும் வாயில்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு ஆசையாக ஓடி, ஒரு வாய் கடித்ததும் தலையை உதறிக்கொண்டு விலகினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, உடலை முழுசாகப் பரிசோதிக்க வேண்டும். அவ்வளவுதான் கூடுதல் வேலை. பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பூனையைக் கருணைக்கொலை செய்யக் கூடாது என்று மேலே சொன்ன வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது.

அந்தக் கடுவனிடம் திரும்புவோம். விரை நீக்கிய சில மாதங்களில் உப்பிய கன்னம் வற்றத் தொடங்கும். கூண்டுக் கம்பியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைக் கூப்பிடும். அதன் அட்டையில் 'எஃப்ஐவி பாசிட்டிவ்' என்ற இரண்டு சொல்லுக்குப் பதில் நாலு வரி எழுத இடம் இருக்கிறது. எதிர்ப்பொருள் பரிசோதனை: பாசிட்டிவ், இன்ன கிட், இன்ன தேதி. உறுதிப் பரிசோதனை: வேறு கிட்டில் செய்ய வேண்டும். முன்பு தடுப்பூசி போட்டார்களா: தெரியாது. குணம்: நெஞ்சில் ஏறிப் படுக்கும்.